போண்டாவின் முழுச் சட்டை

பிப்ரவரி 18

பிரவீணாவை ரயிலேற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். ஹைதராபாத்தில் வங்கிப் பயிற்சி, ஏழு வாரம். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி மட்டும் மறந்துராதீங்க" என்றாள்.

எனக்கில்லை. பாம்புக்கு.

வங்கியில் வருடா வருடம் கொடுக்கும் டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. தினமும் பாம்புப் பெட்டியில் ஈரம் காட்டும் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, எப்போது தண்ணீர் மாற்றினேன் என்று குறித்துவைக்கச் சொன்னாள். மீட்டர் 44. தண்ணீர் மாற்றியாகிவிட்டது. கேட்டது அவ்வளவுதான்; தீனி அவளே போட்டுவிட்டாள், இரண்டு மாதம் தாங்குமாம். மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதில் எனக்குத் தோன்றுவதை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த வீட்டில் இப்போது நானும் அதுவும்தான். அதற்குப் படிக்கத் தெரியாது.

அது ஒரு பால் பைத்தான். பால் என்றால் இங்கே பந்து; ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது, யாரையும் துரத்தாது. என் கையைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பயந்தால் தலையை உள்ளே வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதனால் போண்டா என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் படுக்கையறையிலேயே, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது பிரவீணாவோடு பீரோ, தையல் மிஷின், இது, மூன்றும் வந்தன. முதலிரண்டைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19

மீட்டர் 42. தண்ணீர் மாற்றினேன். போனில் பேசினாள். பாதி நேரம் அதைப் பற்றி. மீதிப் பாதி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி.

பிப்ரவரி 22

இன்று சிறுவாணித் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் அது வாரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான், பக்கெட்டில் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்பு. சிறுவாணியைக் குடத்தில் பிடித்து மூடி வைத்து, அதைத்தான் பாம்பின் கிண்ணத்தில் ஊற்ற வேண்டுமாம். போர் தண்ணீரில் குளித்துக் குளித்து எனக்கு முன்மண்டை காலியானபோது, "உங்க அப்பாவுக்கும் அப்பிடித்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போன பெண்மணி இவள்.

கிண்ணம் கனமான பீங்கான். அது உள்ளே சுருண்டு படுத்தாலும் கவிழாத அளவு அகலம். தினமும் கழுவி, விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாக ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் உள்ளே இறங்கும்போது வழிந்து தரை நனைந்துவிடும். கிண்ணத்தில் கழித்து வைத்தால் உடனே மாற்ற வேண்டும். இன்று கழித்து வைத்திருந்தது. மாற்றினேன். என் மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு பணிவிடை செய்ததில்லை.

வீடியோவில் கூப்பிட்டாள். "போண்டாவைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். "தங்கம்... சாப்டியா சாமி?" என்று கொஞ்சினாள். நான் இன்று சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். காளான் குழம்பு.

பிப்ரவரி 26

மீட்டர் 40. பங்குனி வருவதற்கு முன்பே காற்று காய்ந்துவிட்டது. உதடு வெடிக்கிறது.

என் தொழிலே ஈரம்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வைக்கோல் படுக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, சுற்றிலும் ஈரக் கோணிச் சாக்கு கட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் தெளிப்பேன். சித்திரை வெயிலிலும் உள்ளே ஈரம் எண்பத்தைந்துக்குக் குறையாது. வடவள்ளியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பிரவீணா எனக்குக் கிடைத்ததும் ஈரத்தால்தான். நான்கு வருடத்துக்கு முன் வேளாண் கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். நீலச் சுடிதாரில் வந்து நின்று, "ஏனுங்க, ஒரு பெட்டிக்குள்ள ஈரம் நிக்கறதுக்கு என்ன பண்ணோணும்?" என்றாள். காளான் வளர்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பாம்புக்கு என்று அவளே சொன்ன பிறகுதான் தெரிந்தது. என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை. காதில் ஒரு சின்ன ஜிமிக்கி போட்டிருந்தாள். அது நன்றாக நினைவிருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இன்று பீரோவில் என் வேட்டியைத் தேடும்போது அந்தப் பெட்டி கையில் பட்டது. பட்டுச்சேலை வைக்கும் நீள அட்டைப்பெட்டி. கல்யாணமான முதல் மாதமே அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே சேலை இல்லை. பாம்புச் சட்டை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு கிழிசல் இல்லாமல், கண்ணின் மேலிருந்த சின்ன வட்டம்கூட அப்படியே இருக்கும் முழுச் சட்டை. "இது என்னது?" என்று அன்று கேட்டேன். "மொதல் மொதல்ல முழுசா உரிஞ்சது" என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாள். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

கேட்கத் தேவையுமில்லை. பிரவீணாவிடம் வருவதற்கு முன் இந்தப் பாம்பு நவநீதன் வீட்டில் இருந்தது. கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். பெங்களூரில் வேலை கிடைத்ததும் இதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். நவநீதனாம். பேரே வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. முதல் சட்டை என்றால் அவன் வீட்டில் உரிந்ததாகத்தானே இருக்கும்? அதைப் பட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

என் வீட்டில் இந்த மூன்று வருடத்தில் அது ஒருமுறைகூட முழுதாகச் சட்டை உரிக்கவில்லை. துண்டு துண்டாகத்தான் வரும். வால் நுனியில் ஒட்டிக்கொண்டதைப் பிரவீணா வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுப்பாள். காற்றில் ஈரம் போதாததுதான் காரணம். ஈரம் போதாதாம், என் வீட்டில்! ஊருக்கெல்லாம் ஈரம் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டில்!

அவள் திரும்பி வருவதற்குள் ஒரு முழுச் சட்டை உரிய வேண்டும். என் கையில். அவ்வளவுதான்.

மார்ச் 3

மீட்டர் 38. காலையிலிருந்து அது கிண்ணத்துத் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. மூக்கு மட்டும் மேலே. மதியம் பார்த்தேன், அதே இடம். சாயங்காலமும்.

பிரவீணாவிடம் சொன்னேன். பதறிப்போனாள்.

"காத்து ரொம்பக் காஞ்சு போச்சுங்க, அதான் தண்ணிக்குள்ளயே கெடக்குது. ஈரத்தக் கொஞ்சம் ஏத்தோணும். எனக்கு நாளைக்குப் பரீட்சை வேற... நீங்க நவநீதனைக் கூப்புடுங்க. அவன் இப்ப கோயமுத்தூர்லதான் இருக்கான்."

கோயமுத்தூரில் இருக்கிறானா! எப்போது வந்தான், எப்படித் தெரியும் என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. "பாம்புக்கு ஈரம் ஏத்தறதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணுமா?" என்றேன்.

"இல்லீங்க, அவனுக்கு இதைப்பத்தி..."

"நான் பாத்துக்கறேன். நீ படி."

நம்பரை அனுப்பி வைத்திருக்கிறாள். அனுப்பட்டும்.

மார்ச் 4

இன்று என் கைவரிசையைக் காட்டினேன்.

பெட்டியின் அடியில் கிடந்த உலர்ந்த தேங்காய்நார்த்தூளை அள்ளிவிட்டு, புதுத்தூளைப் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைத்துக் கனமாகப் பரப்பினேன். மேல்மூடியின் கம்பி வலைமேல் ஈரக் கோணிச் சாக்கு. பின்பக்கக் கண்ணாடிக்கும் ஒரு சாக்கு. குடிலில் இருக்கும் கைத்தெளிப்பானைக் கழுவிக் கொண்டுவந்து மூன்று வேளையும் தெளிப்பது என்று முடிவு. அது ஒளிந்துகொள்ளும் கவிழ்த்த மண்சட்டியின் அடியிலும் நனைத்துவிட்டேன். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினேன்.

காளான் பறிக்க வரும் சரசக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. படுக்கையறைப் பக்கம் வரவே பயப்படும், ஆனால் எட்டிப் பார்க்காமல் இருக்காது.

"ஏந் தம்பி, பாம்புக்கு மேல காளான் மொளைக்க வைக்கப் போறீங்களா?"

"அது சட்டை உரிக்கோணும்க்கா."

"அது உரிக்கறப்ப உரிக்குது. நீங்க ஏன் அதைப் புடிச்சு நனைச்சுட்டு இருக்கறீங்க?"

சரசக்காவுக்கு என்ன தெரியும்?

மார்ச் 5

மீட்டர் 88. குடிலில் 87. வெற்றி.

மார்ச் 9

மீட்டர் 90. பெட்டிக் கண்ணாடி உள்ளே முத்து முத்தாக வியர்க்கிறது. பிரவீணாவிடம் மீட்டரை மட்டும் சொல்லவில்லை. "ஏறியிருக்குது" என்றேன். அதுவும் பொய்யில்லை. முழுச் சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம்.

அது இப்போது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போவதே இல்லை. பார்த்தீர்களா, ஈரம் வந்ததும் கிண்ணத்தை விட்டுவிட்டது. ஆனால் மண்சட்டிக்குள்ளும் போவதில்லை. சட்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க அங்கேதான். அங்கிருந்து கழுத்தை நீட்டி, மூடியின் மூலையை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. அந்தப் பக்கம்தான் பிரவீணா படுக்கும் கட்டில் ஓரம். அவளைத்தான் தேடுகிறது போல.

தேடட்டும். நான் எங்கே ஏறி உட்கார்ந்து யாரை மூக்கால் தள்ளுவது?

மூன்று வருடத்தில் முதல்முறையாக இன்று அதைக் கையில் எடுத்தேன். சட்டியின்மேல் அவ்வளவு நேரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒருமாதிரியாக இருந்தது. கையில் வந்ததும் போண்டாவாகச் சுருளும் என்று நினைத்தேன். சுருளவில்லை. முழங்கையைச் சுற்றிக்கொண்டு சட்டைக் கைக்குள் தலையைவிட்டு அங்கேயே இருந்துவிட்டது. கனமாக, சில்லென்று இருந்தது. சீரியல் முடியும்வரை எடுத்து வைக்க மனம் வரவில்லை. இதைப் பிரவீணாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள். இது என்னிடமே இருக்கட்டும்.

மார்ச் 13

பெட்டியைத் திறந்ததும் ஒரு புழுங்கல் வாடை. மூலையில் நார்த்தூளின்மேல் வெள்ளையாகப் பஞ்சுமாதிரிப் பூத்திருக்கிறது. பூசணம். சரசக்கா வாய்முகூர்த்தம். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தேன்.

அதன் அடிவயிற்றில் இரண்டு மூன்று செதில்கள் பழுப்பாக இருக்கின்றன. நார்த்தூளின் கறையாகத்தான் இருக்கும். ஈரத்தூள் சாயம் விடும். துடைத்தேன். போகவில்லை. நல்ல சாயம்.

மார்ச் 15

கறை இல்லை.

இன்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குச் செதில்கள் சிவந்து, ஓரம் தூக்கி, நடுவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். விரலால் தொட்டேன். உடம்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுருண்டது. என் கையில் அது சுருண்டது இதுதான் முதல் தடவை.

அது ஏன் சட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது என்று இப்போது புரிகிறது. அவளைத் தேடவில்லை. அந்தப் பெட்டியில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். நான்தான் அதற்குப் படுக்க இடமில்லாமல் பண்ணியிருக்கிறேன்.

வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தேன். முதுகு தெரிகிற மாதிரி மேலாகக் காட்டினேன்.

"வயித்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்."

"தூங்குது. எதுக்கு எழுப்பிக்கிட்டு."

"அட, உங்களுக்கு அது தூங்கறதெல்லாம் தெரியுதா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்ததும் ஈரத்தூள் எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டினேன். வேலியோர எரு மேட்டில். செடிக்கு நல்லது.

மார்ச் 16

ஒரு மிருக வைத்தியரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். பேருந்தில் மடியில் கூடை. பக்கத்தில் இருந்தவர் "மாங்காயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வைத்தியர் நல்ல மனிதர். பார்த்தார், புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார். "புண்ணு செதிலோட நிக்குது, சதைக்குப் போகல. ஆனா இன்னும் நனைஞ்சா உள்ளாற எறங்கிரும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. நான் மாடு, நாயி பாக்கறவன். எப்பிடி வச்சுப் பராமரிக்கறதுன்னு இதை வளக்கறவங்க யாரையாச்சும் இன்னைக்கே கேளுங்க" என்றார்.

வளர்க்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு ஆள்தான். நம்பரும் போனில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தேன், மூடினேன், திறந்தேன். அவன் வந்து இந்த வயிற்றைப் பார்ப்பான். பிறகு அவளிடம் சொல்வான். "உன் புருஷன் என்ன பண்ணி வச்சிருக்கான் பாரு." அதைக் கேட்டு அவள் என்ன நினைப்பாள் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

கூடையைத் திறந்தேன். அது என் துண்டுக்கு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது.

கூப்பிட்டேன்.

மார்ச் 17

நவநீதன் வந்தான்.

கல்லூரி நாயகன் ஒருவன் வருவான் என்று நான் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவனுக்கு என்னைவிட முன்மண்டை காலி. அது மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனால் வந்ததும் வராததுமாக, "ப்ரவி எப்பிடி இருக்காங்க?" என்றான். ப்ரவி! மூன்று வருடமாக நான் பிரவீணா என்று முழுசாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாதிப் பெயர் இவனிடம் இருந்திருக்கிறது.

பெட்டியைப் பார்த்தான். வெறும் கண்ணாடித் தரை, ஓரத்தில் சாக்கு மூட்டை, தெளிப்பான். மீட்டர் ஏறிய கதையைச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் எரிச்சல்.

"நீங்க காளான் பண்றவருன்னு தெரியும்ங்க. காளானுக்கு இது சரி. ஆனா இது வயித்தை வச்சுப் படுக்கற ஜீவன். காத்துல ஈரம் வேணும், தரையில வேண்டாம். அறுபது காட்டுனாப் போதும்."

"அது தண்ணிக்குள்ளயே கெடந்துச்சே?"

"காத்து காஞ்சதுனாலதான். நீங்க ஏத்துனது தப்பில்ல. நிறுத்தத் தெரியல, அவ்வளவுதான்."

தரைக்குச் செய்தித்தாள் விரித்தான். அயோடின் மருந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் டீ நிறத்துக்குக் கலந்து அதில் தினமும் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, களிம்பு போடச் சொன்னான். புண் ஆறும்வரை கிண்ணத்துத் தண்ணீரைத் தவிர வேறு ஈரம் கூடாது.

"ஆறினதுக்கப்புறம் சட்டை உரிக்கறப்ப மட்டும் ஒண்ணு பண்ணுங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, அது நுழையற அளவுக்கு ஓட்டை. உள்ள செடிக்கடையில விக்கற காஞ்ச பாசியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு வைங்க. ஈரம் வேணும்னா அது அங்க போகும், வேண்டாம்னா வெளிய வந்துரும். பெட்டி பூராத்தையும் நனைக்க வேண்டியதில்ல. இது எனக்கு ப்ரவி சொல்லிக் குடுத்ததுங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

இல்லை. என்னிடம் சொல்லவில்லை. நான் எங்கே சொல்லவிட்டேன் என்பது வேறு விஷயம். இவர்கள் பாம்புக்கு டப்பா வைப்பது பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது அதைத் தூக்கினான். சுருண்டுவிட்டது. இறுக்கமாக, தலையே தெரியாமல். "என்னை மறந்துருச்சு" என்று சிரித்தான். நான் வாங்கினேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மெதுவாகத் தலையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தது. என் முகத்தில் என்ன ஓடியது என்று தெரியவில்லை. நவநீதன் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"பிரவீணாகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்ங்க. நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

"அது உங்க வீட்டு விஷயம்ங்க" என்றான். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

மார்ச் 20

மருந்துக் குளியல். துடைத்தேன். களிம்பு. கொப்புளம் வற்றியிருக்கிறது. சிறுவாணி வந்தது. மருந்துக்கும் அதையே கலந்தேன்.

மார்ச் 23

பிரவீணாவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன், பரீட்சையில் முதலிடம் என்றாள். சந்தோஷமான நேரத்தில் எதற்கு?

மார்ச் 24

சொல்லவில்லை. இன்று அவளுக்குத் தலைவலி.

மார்ச் 27

அதன் கண் பால் விட்ட மாதிரி வெளுத்துவிட்டது. உடம்பு மங்கியிருக்கிறது. சட்டை உரிக்கப் போகிறது. புண் ஏறக்குறைய ஆறி, வடுவாக நிற்கிறது.

சந்தையில் மூடி டப்பா வாங்கி வந்து, கத்தியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, ஓரம் குத்தாமல் தேய்த்துவிட்டேன். பாசியை நனைத்துப் பிழிந்தேன். ஒரு சொட்டு வராதவரை பிழிந்தேன். மறுபடியும் பிழிந்தேன். வைத்த சிறிது நேரத்தில் அது நாக்கை நீட்டிப் பார்த்து, உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. மீட்டர் 62. தெளிப்பானைக் குடிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

உரித்துவிட்டது!

காலையில் டப்பா வாயிலிருந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உருவி எடுத்தேன். மூக்கிலிருந்து வால் நுனிவரை முழுசு. கண்ணின் வட்டம் இரண்டும் இருக்கின்றன. அது பக்கத்தில் புதுசாகப் பளபளவென்று கிடந்தது. "போண்டா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாள் நான் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

சட்டையைக் கட்டிலில் விரித்துப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் செதில்கள் சுருங்கி, திட்டுத் திட்டாக, நெருப்புப் பட்ட தாள்போல இருந்தன. நான் செய்தது அத்தனையும் அச்சு மாறாமல் அதில் இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் குருடனுக்கும் தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டால், "துண்டாத்தான் உரிஞ்சது" என்று சொல்லிவிடலாம். போண்டாவின் வயிற்று வடுவும் இன்னும் இரண்டு சட்டையில் மறைந்துவிடும் என்று நவநீதன் சொன்னான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் பீரோவில் அவனுடைய முழுச் சட்டை இருக்கும். என்னுடையது துண்டாக இருக்கும். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். நல்ல எண்ணத்தில் வைத்தேன் என்று எழுத ஆசைதான்.

ஏப்ரல் 7

பிரவீணா வந்தாள்.

கையைக் காலைக் கழுவிவிட்டு நேரே படுக்கையறைக்குத்தான் போனாள். கட்டிலில் நான் விரித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்ததும், "முழுசா உரிஞ்சுதா!" என்று கத்தினாள். அள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் பிடித்தாள். பெட்டியைத் திறந்து, போண்டாவை எடுத்து, மெதுவாகத் திருப்பி வயிற்றைப் பார்த்தாள்.

"இது எப்ப?"

சொன்னேன். சாக்கு, தெளிப்பான், தொண்ணூறு, பூசணம், கொப்புளம், மாங்காய்க் கூடை. நவநீதன் வந்ததுவரை எல்லாம்.

"அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட சொல்லல." போண்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தெனமும் பேசுனனே. தூங்குதுன்னு சொன்னீங்களே. செத்துப் போயிருந்தா?"

தப்பு என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு முழுச் சட்டை எடுக்கோணும்னுதான் பண்ணேன். அவன் வீட்டுல உரிஞ்சதைப் பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சுப் பாத்துட்டு இருக்கற. என் வீட்டுல உரிஞ்சதெல்லாம் குப்பைக்குத்தான போவுது?"

அவள் என்னையே பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் நடுவில் ஏதோ புரியாமல் நின்றாள்.

"யாரு வீட்டுல?"

"நவநீதன் வீட்டுல."

போண்டாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். அட்டைப்பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"நவநீதன் வச்சிருந்தப்ப இது ஒருநாளும் முழுசா உரிஞ்சதில்லீங்க. எங்கிட்ட வந்து மொத நாலஞ்சு தடவையும் பிஞ்சு பிஞ்சுதான் வந்துச்சு. கண்ணுல ஒட்டிக்கிட்டுக் குருடாயிருமோன்னு நான் அழுதுட்டு இருந்தேன். அப்பத்தான் கண்காட்சிக்கு வந்தேன். நீங்கதான சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"பெட்டி பூரா நனைக்காதீங்க, அழுகிரும். ஒரு மூடி டப்பாவுல மட்டும் ஈரப்பாசி வைங்க, வேணுங்கறப்ப அதுவே உள்ள போவட்டும்னு. நீங்கதாங்க சொன்னீங்க. அதைத்தான் நான் நவநீதனுக்கே சொன்னேன். அடுத்த மாசமே இப்பிடி உரிஞ்சுது." பெட்டியைத் தட்டினாள். "அதைக் காட்டறதுக்குத்தான் நான் மறுபடியும் உங்களைத் தேடி வந்ததே. நீங்க காளான் பொட்டலத்தைக் கட்டிக் குடுத்துட்டு வாயத் தொறக்காம நின்னீங்க. சட்டையைக் காட்டவே வெக்கமாப் போயிருச்சு. பையிலயே வச்சுட்டுத் திரும்பிட்டேன்."

"அப்புறம் இங்க வந்து ஏன் அந்த டப்பாவ வெக்கல?"

"வச்சேன். மொத வாரமே, பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் டப்பா அசிங்கமா இருக்குதுன்னு எடுத்துப் போட்டது யாரு? ஈரம் பத்தி எனக்குத் தெரியாததான்னு சொன்னது யாரு?"

நான்தான். அதுகூட எனக்கு நினைவில்லை.

"சொன்னது ஒண்ணுகூட ஞாபகமில்லையா உங்களுக்கு? அன்னைக்கு வேற எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"ஜிமிக்கிய" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என் கையைச் சுற்றியிருந்த போண்டாவைத் தன் பக்கம் வாங்கப் பார்த்தாள். அது வரவில்லை. என் சட்டைக் கைக்குள் இன்னும் கொஞ்சம் நுழைந்துகொண்டது. பிரவீணாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அதை மூன்று வருடமாக வைத்திருந்தேன்.

"ஏழு வாரத்துல இப்பிடியா?" என்றாள்.

ஏப்ரல் 8

மீட்டர் 60. தண்ணீர் மாற்றினேன்.

பிரவீணா இன்னும் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். புதுச் சட்டையைப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அது போண்டாவுக்கு வலிச்ச சட்டை" என்றாள். ஆனால் தூக்கிப் போடவும் இல்லை. தையல் மிஷின்மேல் கிடக்கிறது. சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

அவள் குளிக்கப் போனபோது பீரோவைத் திறந்து பழைய சட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மூன்று வருடமாக நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அந்த ஆளை நேற்றுத்தான் அடையாளம் தெரிந்தது. கண்காட்சியில் கடை போட்டிருந்தவன். ஒரு சின்ன டப்பாவில் ஈரம் போதும், வேண்டும்போது அதுவே வரும் என்று தெரிந்திருந்தவன். அவனைப் பார்க்கத்தான் இவள் திரும்பி வந்திருக்கிறாள்.

அவன்மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.